பியாஜியோ எம்பி3 500: பாரிஸில நாலு வருஷம் ஓடினவன் சொல்லுறன்

எனக்கு ஒப்பரா பக்கம் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில வேலை, வீடு பாரிஸுக்கு வெளியில லா கூர்நெவ். கிழமை நாளில வேலை முடிய ஒண்டரை ஆகும், அந்த நேரம் மெட்றோவும் இல்லை ஆர்இஆர் ரயிலும் இல்லை, நைட் பஸ்ஸுக்கு நிண்டு குளிரில விறைச்சு வீட்டை போய்ச் சேரவே பெரும்பாடு. மோட்டச்சைக்கிள் பெர்மி (லைசன்ஸ்) எடுக்க காசும் இல்லை நேரமும் இல்லை, கார் பெர்மி மட்டும்தான் கையில. அப்பதான் கூட வேலை செய்யிற அண்ணை சொன்னார், முன்னுக்கு ரெண்டு சில்லு உள்ளதை எடடா, கார் பெர்மியில ஓடலாம் எண்டு. அப்பிடி முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ஒண்டெண்டு மூண்டு சில்லு உள்ள ஸ்கூட்டர்தான் எம்பி3, 2016 மொடல் எம்பி3 500 எல்டி செக்கண்ட் ஹாண்டா எடுத்தன்.

முதல்ல இந்த பெர்மி விஷயம், கனபேர் பிழையா விளங்கி வச்சிருக்கினம். முன்னுக்கு ரெண்டு சில்லு இருந்தாப் போதாது. அந்த ரெண்டுக்கும் நடுவில 460 மில்லிமீற்றராவது இருந்தாத்தான் சட்டத்தில அது மூண்டு சில்லு, குறைஞ்சா ரெண்டையும் ஒரு சில்லாத்தான் கணக்கெடுப்பினம். 2006ல வந்த முதல் எம்பி3க்கு 420தான். அதாலதான் பிறகு 465 வச்சு எல்டி எண்டு விட்டவை. இதே மாதிரி முன்னுக்கு ரெண்டு சில்லு உள்ள யமஹா நிக்கனுக்கு 410, அதுக்கு மோட்டச்சைக்கிள் பெர்மி கட்டாயம் வேணும். எல்டிக்கு கால் பிறேக்கும் இருக்கு, மிதிச்சா மூண்டு சில்லையும் சேர்த்துப் பிடிக்கும், கார் ஓடிப் பழகின காலுக்கு அது சரியான சுகம். 21 வயசு ஆகியிருக்க வேணும், 7 மணித்தியாலம் போர்மசியோன் (பயிற்சி) செய்ய வேணும், இதெல்லாம் பிரான்சுக்குள்ள மட்டும், வேற நாட்டுக்கு ஓடிப்போக முதல் அங்கத்தச் சட்டத்தைப் பாருங்கோ.

சரி, ஏன் ரெண்டு சில்லு? விழாமல் இருக்க எண்டுதான் நானும் நினைச்சு எடுத்தனான், அப்பிடி இல்லை. இது ஓட்டோ மாதிரி நிமிர்ந்து நிக்கிற சாமான் இல்லை, மோட்டச்சைக்கிள் மாதிரியே சரியும், 40 பாகை வரைக்கும். முன்னுக்கு மேலயும் கீழயுமா நாலு அலுமினியக் கை, நடுவில பூட்டியிருக்கும், நீங்கள் சரிய அந்தக் கைகளின்ர பிறேம் முழுக்கச் சரியும், ரெண்டு சில்லும் ஒண்டுக்கொண்டு சமாந்தரமாச் சரியும், ஒவ்வொண்டுக்கும் தனிச் சஸ்பென்சன், தனி டிஸ்க். வேலை என்னெண்டா முன் பிடிமானம். ரெண்டு சில்லில ஓடுறவைக்குத் தெரியும், முன் சில்லு வழுக்கினா அவ்வளவுதான், பிடிச்சு எடுக்கவே ஏலாது. இதில ஒரு சில்லு ஈர மான்ஹோல் மூடியிலயோ வெள்ளைக் கோட்டிலயோ வழுக்கினாலும் மற்றது றோட்டைப் பிடிச்சுக் கொண்டிருக்கும். நவம்பர் மழையில பழைய கல்லு றோட்டில இறங்கி ஓடிப் பாருங்கோ, அப்ப விளங்கும். ஒருக்கா முன்னால போன கார் திடீரெண்டு நிக்க முழுப் பிறேக்கும் பிடிச்சன், ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கேக்க சில்லு இறுகி வழுக்காமல் பாக்கிறது) கால்ல டக்டக் எண்டு அடிச்சுது, வண்டி நேரா நிண்டுது. அண்டைக்கே குடுத்த காசு வந்து சேர்ந்திட்டுது எண்டுதான் சொல்லுவன். (ஏபிஎஸ், பின் சில்லு சுத்தி வழுக்காமல் பாக்கிற ஏஎஸ்ஆர் எல்லாம் 2014 மொடலோடதான், அதுக்கு முந்தினது மலிவா வந்தாலும் நான் எடுக்க மாட்டன்.)

அடுத்தது லொக். நிக்கிறதுக்கு வேகம் குறையேக்க சுவிச்சைத் தட்டினா முன்பக்கம் சரியாமல் பூட்டுப்படும், சிக்னலில கால் நிலத்தில வைக்கத் தேவையில்லை, பத்து மணித்தியாலம் நிண்டு வேலை செய்த காலுக்கு அது என்ன ஆறுதல் எண்டு எனக்குத்தான் தெரியும். ஆக்சிலேற்றரைத் திருக பீப் அடிச்சு தானா விடும். ஆனால் கவனம், எந்தச் சரிவில தட்டுறீங்களோ அந்தச் சரிவிலயே பூட்டும். முதல் மாசம் நான் கொஞ்சம் இடப்பக்கம் சரிஞ்சபடி தட்டிப்போட்டு ரெண்டு காலையும் மேல வச்சன், அப்பிடியே சாய்ஞ்சு விழுந்திட்டுது. 250 கிலோவுக்கு மேல பாரம், தனியத் தூக்க ஏலாது, ரெண்டு பெடியள் ஓடி வந்து தூக்கிவிட்டவங்கள். இன்னொண்டு, லொக் வண்டி உருளுறதைத் தடுக்காது, ஹான்ட் பிறேக் இழுத்துப்போட்டுத்தான் இறங்க வேணும்.

எஞ்சின் 493 சிசி ஒரு சிலிண்டர், கியர் இல்லை, ஓட்டோறூட்டில (ஹைவேயில) 110ல கூசாமல் போகும். சீற்றுக்குக் கீழ ரெண்டு ஹெல்மெட் போகும், சனிக்கிழமை எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில மரக்கறி, மீன் எல்லாம் வாங்கி அதுக்குள்ளதான் வாறது.

செலவு சொல்ல வேணும். ரயர் மூண்டு, பிறேக் பாட் மூண்டு சோடி, சர்வீஸ் ஸ்கூட்டர் விலையில முடியாது. ஒரு கராஜில முன் கைகளின்ர போல்ட் எல்லாம் பார்த்தது எண்டு பில் போட்டவை, வெளியில வந்து பார்த்தா ஊத்தை கூட துடைக்கேல்லை, அதுக்குப் பிறகு நான் பக்கத்தில நிண்டுதான் செய்விக்கிறது. 2022 செப்டெம்பரில இருந்து பாரிஸுக்குள்ள பெற்றோல் வண்டிக்கு பார்க்கிங்கும் காசு, 2024ல இருந்து கொன்ட்றோல் தெக்னிக்கும் (வண்டியைச் செக் பண்ணுறது) வந்திட்டுது.

வேற மூண்டு சில்லு வண்டியளில கான்-ஆம் ஸ்பைடர் ஓடிப் பார்த்தன், அது சரியாது, வளைவில உடம்பை வெளிய தள்ளும், அகலமும் கார் மாதிரி, ட்ரபிக்கில இடையில புகுந்து போறவனுக்குச் சரிவராது. யமஹா ட்ரைசிற்றி 125 பாரம் குறைவு, ரவுனுக்குள்ள மட்டும் ஓடுறவைக்கு நல்லது. காசிருந்தா 2022ல வந்த எம்பி3 530ஐப் பாருங்கோ, ரிவேர்ஸ் இருக்கு, இந்தப் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கஷ்டப்பட்டவனுக்கு அதின்ர அருமை தெரியும்.

செக்கண்ட் ஹாண்ட் எடுக்கிறதெண்டா லொக்கைப் பூட்டிப்போட்டு பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கோ, மெல்லமா சாய்ஞ்சா விட்டிட்டு வாங்கோ. முன் ரயர் ரெண்டும் ஒரே அளவுக்குத் தேய்ஞ்சிருக்கோ எண்டு கை வச்சுத் தடவிப் பாருங்கோ, ஒண்டு மட்டும் உள்பக்கம் தேய்ஞ்சிருந்தா எங்கயோ அடிபட்ட வண்டி.