நேவி செலக்ஷன்னு ஒன்றரை லட்சம் வாங்கிட்டு என் தம்பியோட கால் லெட்டரையே மறைச்சுட்டாங்க, ஃபார்ம் போடப்போற பசங்க தயவுசெஞ்சு படிங்க

போன வருஷம் எங்க வீட்ல நடந்தது இது. வெளிய சொல்ல வேணாம், நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு அப்பா தடுத்துட்டே இருந்தாரு. ஆனா போன வாரம் எங்க தெருப் பையன் ஒருத்தன் அதே அகாடமில அட்வான்ஸ் கட்டப்போறேன்னு வந்து சொன்னான், அதுக்கப்புறமும் வாயை மூடிட்டு இருக்க என்னால முடியல.

தம்பி பிளஸ் டூல மேத்ஸ் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி எடுத்தவன், நல்ல மார்க். இந்தியன் நேவில அக்னிவீர் எஸ்எஸ்ஆர், அதாவது பிளஸ் டூ முடிச்சவங்க மாலுமியா சேர்ற பிரிவுக்குப் போகணும்ங்கறது பத்தாவதுலேர்ந்து அவன் ஆசை. பக்கத்து டவுன்ல ஒரு அகாடமி இருக்கு, சுவர் முழுக்க வெள்ளை யூனிஃபார்ம் போட்டோ, உள்ள ஒருத்தர் ரிட்டயர்டு நேவின்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருப்பாரு, எல்லாரும் சார் சார்னுதான் கூப்பிடுவாங்க. கோச்சிங் ஃபீஸ் 18,000. அது கூட பரவால்ல, ரெண்டு மாசம் ஒழுங்காதான் கிளாஸ் எடுத்தாங்க, அதை நான் மறைக்கல.

தப்பு ஆரம்பிச்சது ஆன்லைன் ஃபார்ம் போட்ட அன்னைக்கு. "நீங்க போட்டா தப்பு வரும், நாங்களே போட்டுத் தர்றோம்"னு 2,500 வாங்கிட்டாங்க. அந்த தடவை நேவிக்குக் கட்ட வேண்டிய எக்ஸாம் ஃபீஸ் 550, ஜிஎஸ்டியோட 649 ரூபாய்தான். காசு போனா போகுது, ஆனா ஃபார்ம்ல குடுத்த மெயில் ஐடி அவங்களோடது, மொபைல் நம்பர் அவங்களோடது, பாஸ்வேர்டும் அவங்ககிட்ட. தம்பி கையில ஒரு பிரிண்ட் அவுட் மட்டும் குடுத்தாங்க. எங்களுக்கு அன்னைக்கு அது ஒரு விஷயமாவே தெரியல.

மதுரைல எக்ஸாம் எழுதுனான். 100 கேள்வி, ஒரு மணி நேரம், தப்பான பதிலுக்கு கால் மார்க் போகும், கேள்வி எல்லாம் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும்தான். வெளிய வந்து "அக்கா, மேத்ஸ் நல்லா பண்ணியிருக்கேன், இங்கிலீஷ் தான் பயமா இருக்கு"ன்னான். அந்த பயத்தைத்தான் அவங்க புடிச்சுக்கிட்டாங்க.

ஒரு மாசம் போல கழிச்சு அப்பாவுக்கு போன். "அண்ணாச்சி, பையன் பார்டர்ல நிக்கிறான், ரெண்டு மார்க்ல போயிரும், டெல்லில நமக்கு ஆள் இருக்கு, மூணு லட்சம் ஆகும், பாதி இப்ப குடுங்க மீதி லெட்டர் வந்ததும் குடுங்க, வாழ்நாள் பூரா கவர்மெண்ட் சம்பளம்." அப்பா ஆட்டோ ஓட்டுறவரு, அவருக்கு என்ன தெரியும். அம்மாவோட செயின அடகு வச்சு, சித்தப்பாகிட்ட கொஞ்சம் வாங்கி ஒன்றரை லட்சம் ரொக்கமா குடுத்தாரு. ரசீது கேட்டதுக்கு இதுக்கெல்லாம் ரசீது தரமாட்டாங்கன்னாங்க. வெரிஃபிகேஷனுக்குன்னு சொல்லி பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட் ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க.

வாழ்நாள் பூரா சம்பளம்ங்கறதே பொய். 2022 ஜூன்ல அக்னிபத் திட்டம் வந்ததுலேர்ந்து அக்னிவீரா சேர்றவங்களுக்கு நாலு வருஷம்தான் சர்வீஸ், அதுல அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் அதுக்கு மேல வச்சுப்பாங்க. முதல் வருஷம் மாசம் 30,000, அதுல 9,000 நிதில பிடிச்சுட்டு 21,000 கைக்கு வரும். இது எல்லாம் தெரிஞ்சுதான் தம்பி போக ஆசைப்பட்டான். அப்பாகிட்ட யாரும் இதைச் சொல்லல, நானும் உக்கார வச்சு சொல்லியிருக்கணும், சொல்லல.

பத்து நாள்ல மறுபடி போன், லிஸ்ட்ல பேரு ஏறிடுச்சு, மீதி ஒன்றரை லட்சம் குடுத்தாதான் கால் லெட்டர் கைக்கு வரும்னு. அப்பாவால பொரட்ட முடியல. இன்னும் டைம் குடுங்க டைம் குடுங்கன்னு அப்பா கெஞ்சிட்டே இருந்தாரு, அவங்களும் சரி சரின்னே இழுத்தாங்க. தம்பி இது எதுவும் தெரியாம தினமும் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கிரவுண்டுல ஓடிட்டு இருந்தான். 1.6 கிலோமீட்டர ஆறரை நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், எழுத்துத் தேர்வுக்கு அடுத்த கட்டமான ஸ்டேஜ் டூல ஆம்பளப் பசங்களுக்கு அதுதான் கணக்கு, அதோட ஸ்குவாட், புஷ் அப் எல்லாம் இருக்கு.

அந்த அகாடமில டைப் பண்ற ஒரு பொண்ணு, அவங்களுக்கே மனசு கேக்கல போல, ஒரு நாள் ராத்திரி தம்பிக்கு லாகின் ஐடியும் பாஸ்வேர்டும் அனுப்பி விட்டாங்க. 11 மணி இருக்கும். என் போன்லதான் ஓப்பன் பண்ணோம். ஸ்டேஜ் ஒன் ஷார்ட்லிஸ்டட்னு இருந்தது, கீழ கால் அப் லெட்டர் டவுன்லோட். ஓப்பன் பண்ணா அவனோட போட்டோ, நீலச் சட்டை, அது நான் இஸ்திரி போட்டுக் குடுத்த சட்டை, பக்கத்துல ரிப்போர்ட் பண்ண வேண்டிய தேதி. அந்த தேதி முடிஞ்சு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவன் ஒண்ணுமே பேசல, போனை என் கையில குடுத்துட்டு வாசல்ல போய் உக்காந்தான்.

புரியுதா இது எப்படி வேலை செய்யுதுன்னு? அவங்களுக்கு டெல்லில யாரும் இல்ல. நாப்பது பசங்ககிட்ட காசு வாங்குவாங்க, அதுல அஞ்சு பேர் சொந்தமா படிச்சு பாஸ் ஆவாங்க, அந்த அஞ்சு பேர் காசு அவங்களுக்கு, மத்தவங்களுக்கு இழுத்தடிச்சு பாதிய திருப்பிக் குடுப்பாங்க. ரிசல்ட் நமக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான் மெயில் ஐடியும் நம்பரும் அவங்களோடது. என் தம்பி தன் மூளைய வச்சு பாஸ் பண்ணிட்டான், அதையே எங்களுக்கு வித்தாங்க.

புகார் குடுக்கப் போன போலீஸ் ஸ்டேஷன்லதான் இன்னொரு பையனோட அப்பாவைப் பாத்தேன். அவங்களுக்கு இன்னும் மோசம். நாலு சிங்கம் முத்திரை, சீல், கையெழுத்து எல்லாம் போட்டு ஐஎன்எஸ் சில்கால ஜாயின் பண்ணச் சொல்லி லெட்டரே அடிச்சுக் குடுத்திருக்காங்க, யூனிஃபார்ம், மெடிக்கல் டெபாசிட்னு தனியா 12,500. அப்பாவும் பையனும் ரயிலேறி ஒடிசா போய், பெட்டியோட கேட்டுக்கிட்ட நின்னு, காவலுக்கு நின்னவர் லெட்டரைப் பாத்துட்டு இது போலின்னு சொன்னப்ப அந்தப் பையன் அங்கயே உக்காந்து அழுதிருக்கான். சில்கா நிஜமாவே மாலுமிகளுக்கு ஆரம்ப பயிற்சி குடுக்குற இடம்தான், முதல் அக்னிவீர் பேட்ச் 2023 மார்ச்ல அங்கதான் பாஸ் அவுட் ஆச்சு, பொண்ணுங்களும் சேர்ந்து. அதனாலதான் அந்த பேரைப் போட்டா நம்பிடுறாங்க. ஆனா அங்க பயிற்சி எடுக்குறவங்களுக்கு சாப்பாடு, தங்குற இடம், யூனிஃபார்ம் எல்லாம் நேவியே குடுக்குது, யாரும் டெபாசிட் கேக்கமாட்டாங்க.

ஆபீசர் போஸ்டுக்கும் இதே ஆளுங்க வலை விரிக்கிறாங்க. என் சித்தி பொண்ணு டிகிரி முடிச்சிருக்கா, அவகிட்ட எஸ்எஸ்பில, அதாவது ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்குற போர்டுல, ரெக்கமண்டேஷன் வாங்கித் தர்றோம்னு அஞ்சு லட்சம் கேட்டாங்க. எஸ்எஸ்பிங்கறது அஞ்சு நாள் தேர்வு, சைக்காலஜி டெஸ்ட், குரூப் டாஸ்க், இன்டர்வியூன்னு ஒவ்வொண்ணையும் தனித்தனி ஆபீசர்ங்க பாத்து கடைசில சேர்ந்து உக்காந்து முடிவு பண்றது, அதுக்கப்புறம் மெடிக்கல், மெரிட் லிஸ்ட், அப்புறம்தான் கேரளால இருக்குற எழிமலை நேவி அகாடமி. முதல் தடவை எஸ்எஸ்பிக்கு வர்றவங்களுக்கு ரயில் டிக்கெட் காசையே திருப்பிக் குடுக்குறாங்க, அவங்களா நம்மகிட்ட லட்சக்கணக்குல கேக்கப்போறாங்க?

எஸ்பி ஆபீஸ்ல மனு குடுத்தப்புறம்தான் மார்க் ஷீட் ரெண்டும் திரும்பி வந்துச்சு, ஒண்ணுல டீக்கறை. காசுல இதுவரைக்கும் 40,000 வந்திருக்கு. ரொக்கமா குடுத்ததுக்கு ஆதாரம் என்னன்னு ஸ்டேஷன்ல கேட்டாங்க, அப்பாவோட போன்ல ரெக்கார்ட் ஆன ரெண்டு கால்தான் எங்ககிட்ட இருக்கு. ஆன்லைன்ல அனுப்பி ஏமாந்திருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிச்சுருங்க, லேட் பண்ணா பணம் கை மாறிடும்.

ஃபார்ம் போடுற பசங்க நேவியோட அரசு சைட்ல நீங்களே போடுங்க. ஜாயின் இந்தியன் நேவின்னு தேடினா ஒரே மாதிரி பத்து வரும், கடைசில கவ் டாட் இன் (gov.in) இருக்கான்னு பாருங்க, அக்னிவீர் லிங்க்கும் அதுக்குள்ளயே இருக்கும். உங்க மெயில், உங்க நம்பர். பாஸ்வேர்ட ஒரு நோட்ல எழுதி வீட்ல வைங்க. பிரவுசிங் சென்டர் அண்ணன் போட்டுக் குடுத்தாலும் ஓடிபி உங்க போனுக்கு வரணும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட நேவி கூப்பிடுற இடத்துல நீங்க கையில கொண்டுபோய் காட்டணும், நடுவுல எவனுக்கும் குடுக்க வேண்டிய அவசியமே இல்ல. மெடிக்கல்ல அன்ஃபிட்னு வந்தா கூட அப்பீல் பண்ண முறையான வழி இருக்கு, அங்கயும் ஆள் வச்சு சரி பண்றேன்னு ஒருத்தன் வருவான், நம்பாதீங்க.

தம்பிக்கு வயசு லிமிட் தாண்டல, இன்னும் ஒரு சான்ஸ் இருக்கு. ரெண்டு மாசம் ஓடாம இருந்தவன் இப்ப மறுபடி கிரவுண்டுக்குப் போறான், நேத்து 6 நிமிஷம் 12 செகண்ட்னு வந்து சொன்னான். விருதுநகர் பக்கம் இதே மாதிரி காசு குடுத்துட்டு வெளிய சொல்லாம இருக்குறவங்க இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, கால் ரெக்கார்டிங், வாட்ஸப் மெசேஜ் எது இருந்தாலும் அழிச்சுடாதீங்க, இன்ஸ்பெக்டர் சார் எத்தனை பேர் சேர்ந்து வர்றீங்களோ அவ்ளோ நல்லதுன்னு சொல்லியிருக்காரு.