ஹோர்ன்லி குடில்: மேட்டர்ஹார்ன் வாசலில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் காசு

ஸ்விட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்கு மேலே, 3,260 மீட்டர் உயரத்தில், மேட்டர்ஹார்ன் சிகரத்தின் வடகிழக்கு முகடு செங்குத்தாக எழும்பத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது ஹோர்ன்லி குடில். முதல் குடில் 1880-இல் வந்தது. பக்கத்திலேயே 1911-இல் பெல்வெடேர் விடுதி எழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பெரிதாகப் புதுப்பித்து, சிகரத்தின் முதல் ஏற்றம் நடந்து 150 ஆண்டு நிறைந்த 2015 ஜூலையில் திறந்தார்கள். அப்போது 170 படுக்கை 130 ஆகக் குறைந்தது. இவ்வளவு செலவு செய்தவர்கள் இடத்தைக் குறைத்தார்களே என்று தோன்றும். முகட்டில் ஒரே காலையில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும், அந்த வரம்பைக் குடிலின் படுக்கை எண்ணிக்கைதான் போடுகிறது. சுற்றிலும் கூடாரம் அடிக்கத் தடை இருப்பதும் இதனால்தான். மிகச் சரியான முடிவு.

திறந்த ஆண்டில் இரவுச் சாப்பாடும் விடியற்காலைச் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு 150 பிராங்க் வைத்தார்கள். மற்ற ஆல்ப்ஸ் குடில்களில் அப்போது இதே ஏற்பாடு 80, 90 பிராங்கில் முடிந்துவிட்டது. படுக்கை சுத்தம், அறைகள் சிறியவை, பழைய குடில்களைப் போல இருபது பேர் ஒரே பலகையில் நெருக்கியடித்துப் படுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்காக மட்டும் அந்தக் காசைக் கொடுக்க முடியாது. கொடுப்பது விடியற்காலை நான்கு மணிக்கு அந்த வாசலில் நிற்பதற்கு.

வாசலில் இருந்து உச்சிக்கு 1,218 மீட்டர் ஏற்றம். நல்ல உடற்தகுதி உள்ளவர்களுக்கு ஏற நான்கு முதல் ஐந்து மணி நேரம், இறங்கவும் அதே அளவு. இறக்கத்துக்குக் குறைவாகக் கணக்குப் போடுகிறவர்கள்தான் பிற்பகல் இடியில் மாட்டுகிறார்கள். காலை வெயில் கிழக்கு முகத்தில் விழுந்து சூடேறியதும் கற்கள் உருளத் தொடங்கும். மதியத்துக்குப் பின் மேகம் கட்டினால் மின்னலுக்கு அந்த முகட்டை விட உயரமான இலக்கு பக்கத்தில் கிடையாது. கீழே ஷ்வார்ட்ஸே கேபிள் கார் நிலையத்திலிருந்து (2,583 மீட்டர்) நேரடியாகக் கிளம்பினால் இந்தக் கணக்கில் இன்னும் 700 மீட்டர் ஏற்றமும் இரண்டு மணி நேரமும் சேரும். குடில் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் விற்கிறது.

புறப்பாட்டு ஒழுங்கு கண்டிப்பானது. முதலில் செர்மாட் கைடுகள் தங்கள் விருந்தினரோடு, அடுத்து வெளியூர் கைடுகள், கடைசியாகக் கைடு இல்லாமல் ஏறுபவர்கள். முறை வரும்வரை கதவு திறக்காது. இதைப் பற்றி இணையத்தில் நிறையப் பேர் குறைபட்டுக்கொள்கிறார்கள். நியாயமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். குடிலிலிருந்து ஐந்து நிமிட நடையில் முதல் செங்குத்துச் சுவர், அதில் தடித்த கயிறு தொங்கும். அங்கே ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஏற முடியும். வழி தெரியாத இருவர் முதலில் போய் அங்கே தடுமாறினால் பின்னால் நூறு பேர் நிற்பார்கள். இடுப்புப் பட்டையான ஹார்னஸைக் கட்டி, கயிற்றை முடிந்து, ஹெல்மெட்டில் ஹெட்லாம்ப் எரிய, நடைக்கூடத்தில் ஒருவர் முதுகை ஒருவர் முட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பத்து நிமிடம் எரிச்சலாக இருக்கும். கயிறு கட்டுவதையும் சரிபார்ப்பதையும் கதவு திறப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வரிசையின் வால் கண்ணை விட்டு மறைந்துவிடும்.

கைடு இல்லாதவர்களுக்கு அந்த வால்தான் வழிகாட்டி. முகடு என்று பெயரே தவிர, கீழ்ப்பாதியில் பாதை முகட்டின் மேல் போகாது. இடதுபுறம் கிழக்கு முகத்துக்குள் நழுவி, ஓடைபோன்ற பிளவுகளைக் குறுக்கே கடந்து, மறுபடி முகட்டுக்கு வரும். இருட்டில் தவறான பிளவில் ஏறிவிடுவதுதான் இங்கே அன்றாடம் நடக்கும் பிழை. பாறையைத் தொட்டுப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்கலாம். சரியான வழியில் லட்சக்கணக்கான பூட்ஸ் தேய்த்துப் பாறை வழுவழுப்பாகியிருக்கும், கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டம்) முனைகள் கீறிய வெள்ளைக் கோடுகள் தெரியும். கையில் பிடித்த கல் அசைகிறது, காலடியில் சரளை ஓடுகிறது என்றால் வழி தவறியாயிற்று. மேலே போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று தொடராமல், வந்த வழியே திரும்பிவிட வேண்டும். இதற்காகவே முந்தின நாள் மதியத்துக்குள் குடிலுக்கு வந்து, பையை வைத்துவிட்டு, முதல் ஒரு மணி நேரத் தூரத்தைப் பகலில் ஏறிப் பார்த்துவிடுவது நல்லது. மேலிருந்து இறங்குபவர்கள் கல் தள்ளக்கூடும் என்பதால் அப்போதும் ஹெல்மெட் தலையில் இருக்கட்டும்.

பாறையேற்ற அளவுகோலில் முகட்டின் கடினம் மூன்றாம் நிலை. உள்ளரங்குச் சுவரில் பழகியவர்களுக்கு அது சிரிப்பாகத் தெரியும். ஆனால் இங்கே கேட்கப்படுவது வேகம். ஒவ்வொரு 40 மீட்டருக்கும் நின்று பிலே போட்டு (ஒருவர் ஏற, மற்றவர் கயிற்றைப் பிடித்துப் பாதுகாத்து) ஏறினால் குறைந்தது முப்பது கயிற்று நீளம், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் என்றாலும் பத்து மணி நேரம் ஏறுவதற்கே போய்விடும். பெரும்பகுதியைக் குட்டைக் கயிற்றில் இருவரும் ஒன்றாக நகர்ந்து கடக்க வேண்டும். செங்குத்தான இடங்களில் மட்டும் பாறை முனையிலோ, அடித்து வைத்திருக்கும் இரும்புத் தண்டிலோ கயிற்றைச் சுற்றிப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். அந்தத் தண்டுகள் இறங்கும்போது இன்னும் பயன்படும். ஒவ்வோர் இடத்திலும் ராப்பெல் செய்தால் (கயிற்றில் தொங்கிச் சறுக்கி இறங்கினால்) கயிறு பிளவில் சிக்கும், நேரமும் கரையும். தண்டில் கயிற்றைச் சுற்றி முன்னால் போகிறவரை இறக்கிவிட்டு, பின்னால் வருபவர் கவனமாகக் கை கால் பிடித்து இறங்குவதே வேகமான முறை.

சாமான்: 30 முதல் 40 மீட்டர் ஒற்றைக் கயிறு, நான்கைந்து ஸ்லிங் (நாடா வளையம்), பூட்டும் கராபினர் (உலோகக் கொக்கி) மூன்று நான்கு, ஒரு ஐஸ் ஆக்ஸ், கிராம்பான், கிராம்பான் மாட்டக்கூடிய, பாறையிலும் நிற்கக்கூடிய பூட்ஸ். கையுறை இரண்டு ஜோடி வேண்டும். மேலே தடித்த கயிறுகள் ஈரத்தில் ஊறி உறைந்து கிடக்கும். வெறும் கையில் பிடித்தால் விரல் மரத்துப்போகும், கம்பளிக் கையுறையில் வழுக்கும். தோல் உள்ளங்கை வைத்த மெல்லிய கையுறைதான் அங்கே உதவும். அந்தக் கயிறுகளில் கையால் மட்டும் இழுத்து ஏறுகிறவர்களுக்குப் பத்தே நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். காலைப் பாறையில் ஊன்றி, கயிற்றைச் சமநிலைக்கு மட்டும் பிடிக்க வேண்டும்.

4,003 மீட்டரில் சொல்வே குடில் வரும். 1915-இல் பெல்ஜியத் தொழிலதிபர் எர்னஸ்ட் சொல்வேயின் நன்கொடையில் கட்டியது, பத்துப் பேர் படுக்கலாம், அவசரத்துக்கு மட்டும். அதை இரவுத் தங்கலாகத் திட்டத்தில் சேர்ப்பது தவறு, வேறொருவர் உயிருக்கான இடத்தைப் பிடித்துக்கொள்வது. அதற்குக் கீழும் மேலும் மோஸ்லி பலகைகள் எனப்படும் இரண்டு பாறைகள். வழியின் கடினமான பாறைகளில் அவையும் சேரும். கைடுகள் சொல்வேயைக் கடிகாரமாக வைத்திருக்கிறார்கள். குடிலிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள், தாமதித்தால் மூன்றுக்குள், அங்கே வராதவர்களைத் திருப்பிவிடுவார்கள். தனியாக ஏறுபவர்களும் இதே விதியைத் தங்களுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ‘தோள்’ எனப்படும் முகட்டுப் பகுதி, தடித்த கயிறுகள், பிறகு ‘கூரை’ எனப்படும் பனி மூடிய மேல்சரிவு. கிராம்பானை அந்தத் தோள் பகுதியில் வசதியான இடம் வந்ததுமே மாட்டிவிட வேண்டும், சரிவில் நின்று மாட்டக் கூடாது. 1865 ஜூலை 14-இல் முதன்முதலாக உச்சியைத் தொட்ட ஏழு பேரில் நான்கு பேர் விழுந்து இறந்தது இந்த மேல்பகுதியில் இறங்கும்போதுதான். அறுந்த கயிறு செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலை ஏறுவதற்கு முதல் நாள் போய்ப் பார்க்கலாம்.

குடிலின் குறைகளில் பெரியது தண்ணீர். முகட்டில் ஊற்று கிடையாது, குடிநீருக்குத் தனியாகக் காசு. ஏறும் நாளுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வேண்டும், முந்தின மாலை குடிப்பது தனி. இதைச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே சேருங்கள். சாப்பாடு வயிறு நிறைய உண்டு. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், வந்து சொன்னால் தட்டில் மிஞ்சுவது சூப்பும் ரொட்டியும்தான். படுக்கைக்குள் விரித்துக்கொள்ளும் பட்டுத்துணி உள்ளுறை கொண்டுபோக வேண்டும். காதடைப்பான் இல்லாமல் தூக்கம் வராது.

இன்னொரு குறை குடிலுடையது இல்லை, மலையுடையது. 2003 ஜூலையின் கடும் வெயிலில் முகட்டின் ஒரு பகுதி இடிந்து விழுந்து, மேலே சிக்கிய எண்பது தொண்ணூறு பேரை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். பாறைப் பிளவுகளை ஒட்டவைத்திருந்த உறைபனி உருகினால் இதுதான் நடக்கும். அதனால் வெயில் தொடர்ந்து சுட்டெரிக்கும் வாரத்தில் பதிவு இருக்கிறதே என்று போகாதீர்கள். புதுப்பனி விழுந்தாலும் முகடு காய இரண்டு மூன்று நாள் ஆகும். குடிலுக்குத் தொலைபேசியில் கேட்டால் முகட்டின் நிலையை மறைக்காமல் சொல்வார்கள். இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண்.

யார் போகலாம்? பிரைட்ஹார்ன் (4,164 மீட்டர்), போலுக்ஸ் (4,092 மீட்டர்) இரண்டையும் அதே வாரத்தில் ஏறி உடம்பு உயரத்துக்குப் பழகியவர்கள், ரிஃபெல்ஹார்ன் பாறையில் பூட்ஸோடு தயங்காமல் ஏறி இறங்கக்கூடியவர்கள். கைடுகளும் இப்படி ஒரு சோதனை நாள் வைத்தே அழைத்துப்போகிறார்கள், ஒரு கைடுக்கு ஒரே விருந்தினர். மற்றவர்களுக்கு இந்தக் குடிலில் இரவு தங்குவது வீண் செலவு. பகலில் ஷ்வார்ட்ஸேயிலிருந்து இரும்புப் படிகளும் கயிறும் உள்ள பாதையில் நடந்து வந்து, மொட்டைமாடியில் ஒரு சூப் குடித்துவிட்டு, முகட்டை அண்ணாந்து பார்த்துத் திரும்பலாம். அந்த நடையே தனியாக வரத் தகுந்தது.

விபத்து என்றால் 144 என்ற எண்ணை அழையுங்கள். உச்சியிலிருந்து இறங்கியவர்கள் குடிலில் உட்கார்ந்து நேரத்தை மறந்துவிடக் கூடாது. ஷ்வார்ட்ஸேயில் கடைசிக் கேபிள் கார் மாலையிலேயே போய்விடும். கிளம்பும் முன் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால், ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும் முழங்காலோடு செர்மாட்டுக்கு இன்னும் ஆயிரம் மீட்டர் உயரம் நடந்து இறங்க வேண்டும்.