தமிழ் எழுத்துரு சோதிக்க ஹெச்பி-வியூ: சில வருடப் பழக்கம்

பிடிஎஃப்பில் கொம்பு இடம் மாறி நின்றால் எல்லோரும் முதலில் எழுத்துருவைத்தான் திட்டுவார்கள். பிழை எழுத்துருவிலா, மென்பொருளிலா, தட்டச்சிலா என்று பிரித்துப் பார்க்க நான் சில வருடங்களாக நம்பியிருப்பது ஹெச்பி-வியூ. எழுத்துகளையும் குறிகளையும் சரியான இடத்தில் கோத்து வைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் நூலகத்துடன் வரும் சின்னக் கட்டளை (hb-view) இது. குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் எழுத்துகளைக் கோக்க இதே ஹார்ஃப்பஸைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் இதில் சரியாக வரும் சொல் வேறு ஏதோ மென்பொருளில் உடைந்தால், சந்தேகம் அந்த மென்பொருள் மேல்தான்.

எழுத்துருக் கோப்பையும் ஒரு வரியையும் கொடுத்தால் பிஎன்ஜி, எஸ்விஜி, பிடிஎஃப் எதில் வேண்டுமானாலும் வரைந்து தரும். அளவு, நிறம், ஓரம் எல்லாம் மாற்றலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற மாறும் எழுத்துருவில் (ஒரே கோப்பில் பல தடிமன்கள் அடங்கியது) தடிமனை 100 முதல் 900 வரை நகர்த்திப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது, இது பக்கத்து எழுத்துருவிடம் கடன் வாங்காது என்பதுதான். எழுத்துருவில் தமிழ் ரூபாய்க் குறியான ௹ இல்லையென்றால் பெரும்பாலும் வெறும் கட்டம்தான் வரும். இதே போல வரிகளை வரைந்து காட்டும் பாங்கோ-வியூ என்ற கட்டளையில் வேறு எழுத்துருவிலிருந்து எடுத்து ஒப்பேற்றிவிடும், குறை கண்ணுக்கே படாது.

கூடவே வரும் ஹெச்பி-ஷேப் படம் வரையாது. எந்த வடிவம், எத்தனையாவது எழுத்திலிருந்து வந்தது என்று எண்களாகச் சொல்லும். எண்ணிக்கை 0-வில் தொடங்கும், க, கொம்பு என்று ஒவ்வொன்றையும் தனியாக எண்ணும், ஒன்றாகச் சேர்பவைக்கு முதலாவதின் எண்ணையே போடும். 'கௌ' என்று கொடுத்தால் கொம்பு, க, பின்குறி மூன்றுக்கும் 0 என்றே போடும். பலர் தட்டச்சு செய்வது 'கெள'. அதாவது, கெ எழுதி, பக்கத்தில் ள. அதைக் கொடுத்தால் கொம்புக்கும் க-வுக்கும் 0, ள-வுக்கு மட்டும் 2. பல எழுத்துருக்களில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், தேடும்போதுதான் சொல் கிடைக்காது. பழைய கோப்புகளை வாங்கி வேலை செய்பவர்களுக்கு இது ஒன்றுக்காகவே நிறுவலாம்.

சிறிய அளவில் எழுத்து மங்குகிறதா, ஹின்ட்டிங் (கோடுகளைத் திரைப் புள்ளிகளோடு பொருத்துவது) எப்படி என்று பார்க்க ஹெச்பி-வியூ போதாது. அதற்கு, எழுத்துருவைத் திரைப் புள்ளிகளாக வரையும் ஃப்ரீடைப் நூலகத்தின் எஃப்டி-வியூ (ftview) இருக்கிறது. அதில் ஹெச் விசை ஹின்ட்டிங்கை நிறுத்தி இயக்கும், எஃப் விசை தானியங்கி ஹின்ட்டிங்கைக் கட்டாயமாக்கும், மேல் கீழ் அம்புக்குறிகள் அளவை மாற்றும். தடித்த கோடுகள் சட்டென்று குதிப்பது கண்ணெதிரே தெரியும். அதன் கூட்டாளி எஃப்டி-ஸ்ட்ரிங்கைத் தமிழ் வரிக்கு நம்பாதீர்கள். கோக்காமல் வரிசையாக வைத்துவிடும், நல்ல எழுத்துருகூட உடைந்தது போலத் தெரியும்.

ஹெச்பி-வியூவிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நீளமான வரியை மடக்காது, படம் அகலமாக நீண்டுகொண்டே போகும். அப்புறம் விருப்பத்தேர்வுகளின் பட்டியலும் பெரிசு. டெபியன் லினக்ஸில் லிப்ஹார்ஃப்பஸ்-பின் (libharfbuzz-bin) என்ற தொகுப்பில் வருகிறது, மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவி வழியாக ஹார்ஃப்பஸை நிறுவினால் போதும். க்ஷ, ஸ்ரீ, டு, கூ, ணை, கொ, ஔ எல்லாம் வரிக்கு ஒன்றாக உள்ள ஓர் உரைக் கோப்பு வைத்திருக்கிறேன். புதிய எழுத்துரு வந்தால் முதலில் அதைத்தான் ஓட்டுவேன்.