மார்கழியில் கைக்குழந்தைக்கு எது பொருந்தும்: ஒரே கனத்த ஸ்வெட்டரா, மெல்லிய பருத்தி அடுக்குகளா?

கார்த்திகை மழை சற்று ஓய்ந்து, விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போகிறவர்கள் தலையில் முந்தானையைப் போர்த்திக்கொள்ளும் நாள்கள் வந்துவிட்டால், சென்னையில் கைக்குழந்தை இருக்கும் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே விவாதம் தொடங்கிவிடும். பச்சை உடம்பு, பனி ஏறிவிடும், கனமாகப் போடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஊரில் என்ன குளிர், ஒரு ஜப்லா போதும் என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டுக்கும் நடுவில் நின்று, ஒரு மார்கழி முழுவதும் என் மகளுக்கு மாற்றி மாற்றி உடுத்திப் பார்த்தவள் என்ற முறையில், இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சென்னைக்குள் இருக்கும்வரை, பிறந்து ஓரிரு மாதங்களைக் கடந்த, நல்ல எடையுள்ள குழந்தைக்கு, கழற்றவும் போடவும் எளிதான இரண்டு மெல்லிய பருத்தி அடுக்குகளே ஒரு கனத்த ஸ்வெட்டரைவிட நல்லவை.

ஆவணியில் பிறந்த என் மகளுக்கு அப்போது நான்கு மாதம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு. விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி தொடங்கும் நேரத்தில் வீரிட்டு அழுதாள். பசி என்று நினைத்துப் பாலூட்ட எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முழுக்கை பனியன், அதன்மேல் பஞ்சு போன்ற ஃபிளீஸ் உடுப்பு, குரங்கு குல்லா, சாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பூந்துவாலை. குல்லாவுக்குள் விரலை நுழைத்துப் பிடரியைத் தொட்டபோது, அப்போதுதான் தலைக்கு ஊற்றியதுபோல் முடி நனைந்திருந்தது. ஃபிளீஸைக் கழற்றினால் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்து மடிப்பில் சிவப்புப் புள்ளிகளாக வேர்க்குரு. மார்கழியில் வேர்க்குரு! அதே அறையில் நான் ஒரு பருத்திப் புடவையோடு, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டுப் படுத்திருந்தேன்; எனக்குக் குளிரவில்லை. ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த ஜப்லா ஒன்றை மட்டும் போட்டதும் பால் குடித்தாள், தூங்கிவிட்டாள்.

சென்னையின் குளிர்காலம் எப்படிப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இந்த ஒப்பீடு பொருள் உள்ளதாக இருக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் நுங்கம்பாக்கத்தின் சராசரி இரவு வெப்பநிலை 21, 22 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பகலில் 29 டிகிரியைத் தொடும். புறநகர்களில் இரவு இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறையலாம். அதாவது அதிகாலைக்கும் நண்பகலுக்கும் இடையே எட்டு டிகிரி வரை வேறுபாடு உண்டு. ஆனால் எந்த நேரத்திலும் உண்மையான கடுங்குளிர் இல்லை. இதோடு கடற்கரை நகரத்தின் காற்று ஈரம் சேர்கிறது. வியர்த்தால் எளிதில் உலராது. ஆக, இங்கே உடையிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: மணிக்கு மணி மாறும் வெப்பநிலைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க இடம் தர வேண்டும், வியர்வையை உடம்போடு தேக்கிவைக்கக் கூடாது.

முதல் கேள்வியில் கனத்த ஸ்வெட்டர் தோற்றுவிடுகிறது. ஐந்து மணிக்குச் சரியாக இருப்பது எட்டு மணிக்கு மிகையாகிவிடும். அதைக் கழற்றினாலோ உள்ளே ஒரு மெல்லிய பனியன் மட்டுமே மிஞ்சும். நடுநிலை என்று ஒன்று கிடையாது. தலைவழியாகப் போடும் வகையாக இருந்தால், தூங்கும் குழந்தையை எழுப்பாமல் கழற்றவும் முடியாது. எனவே அப்படியே விட்டுவிடுவோம். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. மெல்லிய அடுக்குகளில், உள்ளே கையில்லாத ஜப்லா, மேலே முன்புறம் முடிச்சோ பொத்தானோ வைத்த முழுக்கை சட்டை, காலுக்குத் தளர்வான பைஜாமா என்று வைத்துக்கொண்டால், ஒன்றைக் கழற்ற அரை நிமிடம் போதும். இரண்டு துணிகளுக்கு இடையே தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கும் வேலையைச் செய்வதால், மெல்லியவை இரண்டு சேர்ந்தால் பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கூடுதலான கதகதப்பைத் தருகின்றன.

இரண்டாவது கேள்வி துணியைப் பற்றியது. இங்கே நான் எதிர்பாராத ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கம்பளி என்று நாம் கடையில் வாங்கும் குழந்தை ஸ்வெட்டர்களில் பல உண்மையில் அக்ரிலிக் நூலால் ஆனவை. ஃபிளீஸ் உடுப்புகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். இந்தச் செயற்கை இழைகள் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. வியர்வை தோலின் மேலேயே நிற்கும். அசல் ஆட்டுக் கம்பளி அப்படியல்ல. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, நனைந்த உணர்வே இல்லாமல் வாங்கிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. ஆகவே கம்பளியைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் அது பிஞ்சுத் தோலை உறுத்தும், நேரடியாக உடம்பில் படக் கூடாது, சென்னைக்கு அதன் கனமும் தேவையில்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சும், கொதிநீரில் துவைக்கலாம், திருப்பூர் ஹோசியரித் துணி இழுத்த இழுப்புக்கு வரும். மல் துணி அதைவிடவும் காற்றோட்டமானது. நான்கைந்து முறை துவைத்தபின் அதன் மென்மைக்கு ஈடு கிடையாது. பருத்திக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது: நனைந்தால் சீக்கிரம் உலராது, உடம்பையும் குளிர வைத்துவிடும். பால் கக்கியோ சிறுநீர் கழித்தோ நனைந்த ஜப்லாவோடு குழந்தையை விட்டுவைத்தால், எத்தனை அடுக்கு போட்டிருந்தாலும் பயனில்லை. மழைக்காலத்தில் மொட்டைமாடிக் கொடியில் இரண்டு நாளாகியும் ஈரம் போகாத துணியை, பரவாயில்லை என்று போட்டுவிடுவதும் அதே தவறுதான். தையலோரமும் இடுப்புப் பட்டியும் காய்ந்திருக்கின்றனவா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டே நான் உடுத்துகிறேன்.

இனி, பெரியவர்கள் தரப்பு. "அத்தை, இவளுக்கு வேர்க்கிறது" என்று நான் சொன்னபோது, "உன் வீட்டுக்காரனைக் குறைப்பிரசவத்தில் பெற்றேன், நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் காப்பாற்றினேன், எனக்கா தெரியாது?" என்றார் என் மாமியார். அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. பிறந்த குழந்தையின் உடம்பின் மேற்பரப்பு, அதன் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் வெப்பம் வேகமாக வெளியேறும். நம்மைப்போல் நடுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளவும் அதனால் முடியாது; முதுகிலும் கழுத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே சமாளிக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் குறைவு. பிரசவ அறையே 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் 21 டிகிரி என்பது பச்சிளங்குழந்தைக்குக் குளிர்தான். பெரியவர்களைவிட ஒன்று அல்லது இரண்டு அடுக்கு கூடுதலாக உடுத்தி, தலைக்குக் குல்லா போடவும் அதே நிறுவனம் சொல்கிறது. ஆனால் அந்த அறிவுரை பிறந்த புதிதில் உள்ள குழந்தைக்கானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்புப் பரிந்துரையோ, பெரியவர் உடுத்துவதைவிட ஓர் அடுக்குக்கு மேல் கூட்ட வேண்டாம், வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம் என்கிறது. அதிக வெப்பம் தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணத்தோடு தொடர்புள்ள காரணிகளுள் ஒன்று என்பதே அதற்குக் காரணம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வயது வேறு, சூழல் வேறு. என் மாமியார் குறைமாதத்தில் பிறந்த தம் மகனுக்குச் செய்தது முற்றிலும் சரி. அதையே நான்கு மாதமான, ஆறு கிலோ எடையுள்ள பேத்திக்கும் செய்ததுதான் பொருந்தவில்லை.

யார் சொல்வது சரி என்பதைக் குழந்தையின் உடம்பே சொல்லிவிடும், தொடும் இடம் சரியாக இருந்தால். பச்சிளங்குழந்தைக்கு வயிற்றையும் உள்ளங்காலையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கும் முறையை மருத்துவமனைகளில் சொல்லித்தருகிறார்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிரால் திணறத் தொடங்கியிருக்கிறது, உடனே அணைத்துக் கதகதப்பாக்க வேண்டும். இரண்டுமே குளிர்ந்திருந்தால் ஆபத்து, மருத்துவரிடம் போக வேண்டும். சில மாதங்கள் ஆன குழந்தைக்குக் கை, கால் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. அதை வைத்து இன்னொரு ஸ்வெட்டர் மாட்டக் கூடாது, பிடரியையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும். இன்னொன்று: கனமாகச் சுற்றிய குழந்தையின் உடம்பு சுட்டால், முதலில் துணியைக் குறைத்து, கால்மணி நேரம் கழித்து வெப்பமானியால் மறுபடி பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அப்போதும் 38 டிகிரியோ, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டோ, அதற்கு மேலோ இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

இரவுத் தூக்கத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. தளர்வாகப் போர்த்தும் போர்வையை நான் முதலிலேயே நீக்கிவிட்டேன். உதைத்துத் தள்ளினால் பயனில்லை, முகத்தை மூடினால் விபரீதம். ஒரு வயது வரை படுக்கையில் தளர்ந்த துணியே கூடாது. புடவைத் துணியால் சுற்றிக் கட்டுவது பிறந்த புதிதில் இதமானது. ஆனால் கால்களை நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டுக்குக் கேடு, குப்புற விழ முயலும் நாளோடு அதை நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது, கையை வெளியே விட்டுக் கழுத்துவரை பொத்தானிடும் தூக்கப்பை. இதன் வெப்பத் தடுப்பை டாக் என்ற அலகால் குறிக்கிறார்கள். 24 முதல் 27 டிகிரி அறைக்கு 0.5 டாக், 20 முதல் 24 வரை 1 டாக், அதற்கும் கீழே 16 வரை 2.5 டாக் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. சென்னையில் 2.5 டாக் பைக்கு வேலையே இல்லை. ஏசி அறையை 25 டிகிரியில் வைத்தால் ஒரு முழுக்கை சட்டையும் 0.5 டாக் பையும் போதும். காற்று நேராகக் குழந்தைமேல் படாமல் இருந்தால் சரி. பகலில் தூளியில் போடுகிறவர்கள், தூளித் துணியே இருபுறமும் அணைக்கும் ஓர் அடுக்கு என்பதை மறக்க வேண்டாம். அதற்குள் ஸ்வெட்டர் போட்டுப் படுக்கவைத்தால் வெந்துபோகும்.

குல்லாவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலையில் வெளியே தூக்கிப் போகும்போது போடுங்கள், வீட்டுக்குள் வந்ததும் எடுத்துவிடுங்கள். தாடைக்குக் கீழே நாடா கட்டும் வகை வேண்டாம், கழுத்தை இறுக்கும்.

இரு சக்கர வண்டிப் பயணத்தில் மட்டும் என் தீர்ப்பு சற்று மாறுகிறது. ஓடும் வண்டியின் காற்று பருத்திக்குள் ஊடுருவிவிடும். எனவே காலை எட்டு மணிக்கு முன் தடுப்பூசிக்கோ வேறெதற்கோ கிளம்ப நேர்ந்தால், பருத்தி அடுக்குகளுக்கு மேலே முன்புறம் திறக்கும் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றைச் சேர்ப்பேன், போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிடுவேன். ஆட்டோ கிடைத்தால் அதுவே மேல். பொங்கல் விடுமுறைக்கு உதகையோ கொடைக்கானலோ போகிறவர்களுக்குத் தீர்ப்பு முழுவதுமாகத் திரும்பிவிடும். உறைபனி விழும் உதகை இரவில் பருத்தி மட்டும் காக்காது: உள்ளே பருத்தி பனியன், நடுவில் முழுக்கை சட்டை, மேலே அசல் கம்பளி, காலுக்குச் சாக்ஸ் என்று வேண்டும். ஸ்வெட்டருக்கு உரிய இடம் அதுதான்.

அப்படி எடுக்கும் ஸ்வெட்டர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். அக்கா குழந்தைக்கு வாங்கியது, பீரோவில் அந்துருண்டையோடு மூன்று வருடம் இருந்தது, கைமாறி நமக்கு வரும். அந்துருண்டையில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கக் கூடியது. குறைபாடு இருப்பது நமக்கு முன்கூட்டித் தெரிந்திருக்காது. துவைத்து வெயிலில் போட்டாலும் அந்த வாடை எளிதில் விடுவதில்லை. எனக்கு வந்த இளநீல ஸ்வெட்டரில் இரண்டு முறை துவைத்தும் வாடை இருந்தது. ஆசையாகக் கொடுத்தது என்றாலும் அதை என் மகளுக்குப் போடவில்லை. இந்த வருடம் அவளுடைய சின்ன உடுப்புகளை அடுத்த குழந்தைக்காக மடித்து வைக்கும்போது, அந்துருண்டைக்குப் பதிலாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன்.