பள்ளியில் ஜப்பானிய மொழிப் பாடத்திட்டம்: இலக்கண ஏணியா, செயல்வழிப் பாதையா, தேர்வு இலக்கா?

உயர்நிலை வகுப்புகளுக்கு ஜப்பானிய மொழிப் பாடத்திட்டம் வகுக்க உட்காரும் குழு, எந்தப் பாடநூலை வாங்குவது என்ற கேள்விக்கு முன்பாகக் கையில் இருக்கும் மணிக்கணக்கைப் பார்த்துவிட வேண்டும். வாரத்துக்கு நான்கு பாடவேளை, பாடவேளைக்கு 45 நிமிடம், ஆண்டுக்கு 36 வாரம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 108 மணி நேரம் கிடைக்கும், மூன்றாண்டுக்கு 324. தேர்வு நாட்களும் விழா நாட்களும் விழுங்கியது போக, 280 மணி நேரம் மிஞ்சினாலே பெரிது. ஆங்கிலம் பேசும் ஒருவர் அலுவல் நிலையில் ஜப்பானிய மொழியைக் கையாள ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம்மிடம் இருப்பது அதில் எட்டில் ஒரு பங்கு. வினைமுற்றைக் கடைசியில் வைப்பதும், பெயரை அடுத்து உருபுகளைச் சேர்ப்பதும் தமிழ் மாணவருக்குப் பழகிய நடை என்பதால் இந்தக் கணக்கு நமக்கு ஓரளவு இளகலாம். ஆனால் எழுத்தைக் கற்கும் பாரம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இந்தக் குறுகிய நேரத்தைச் செலவிட மூன்று வழிகள் போட்டியில் உள்ளன. இலக்கணத்தைப் படிப்படியாக அடுக்கிச் செல்லும் பாடநூலின் பின்னால் போவது முதல் வழி. மாணவர் என்ன செய்ய வல்லவராக வேண்டும் என்ற பட்டியலிலிருந்து பாடங்களைப் பிரிப்பது இரண்டாவது. ஒரு பொதுத் தேர்வை இலக்காக வைத்து அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது மூன்றாவது.

முதல் வழிக்கு வலுவான நூல்கள் உண்டு. 1998இல் வெளிவந்த ‘மின்னா நோ நிஹொங்கோ’ தொடக்கநிலையை 50 பாடங்களாகப் பிரித்து இரண்டு பகுதிகளில் தருகிறது. முதன்மை நூல் முழுவதும் ஜப்பானிய மொழியிலேயே இருக்க, இலக்கண விளக்கமும் மொழிபெயர்ப்பும் தனி நூலாக வருகின்றன. 1999இல் வந்த ‘கெங்கி’ 23 பாடங்களில் ஏறத்தாழ அதே தொலைவைக் கடக்கிறது. அதில் விளக்கங்கள் நூலுக்குள்ளேயே ஆங்கிலத்தில் உள்ளன. இவற்றின் பெரும்பலம் ஒழுங்கு. நேற்றுப் படித்தது இன்றைக்குப் படியாகிறது. ஆசிரியர் நடு ஆண்டில் மாறினாலும் அடுத்தவர் எந்தப் பாடத்தில் தொடங்க வேண்டும் என்று தடுமாற வேண்டியதில்லை. ஆசிரியர்கள் அடிக்கடி மாறும் பள்ளிக்கு இது சிறிய நன்மை அன்று. குறை என்னவென்றால், முன்னது வேலைக்குப் போகும் பெரியவர்களையும் பின்னது பல்கலைக்கழக மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிறுவன ஊழியரின் பெயரட்டைப் பரிமாற்றத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை ஆர்வத்தோடு நடித்துக் காட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது வழிக்கு அடித்தளம் இட்டது ஜப்பானிய அரசு சார்ந்த பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷன். ஐரோப்பிய மொழித்திறன் சட்டகத்தை ஒட்டி 2010இல் அது வெளியிட்ட தரநிலை, ‘இதைச் செய்ய முடியும்’ என்ற கூற்றுகளால் ஆனது: தன்னை அறிமுகம் செய்துகொள்ள முடியும், சந்திப்புக்கு நேரம் குறிக்க முடியும், எளிய அறிவிப்பைப் படித்து வேண்டிய செய்தியை எடுக்க முடியும் என்ற முறையில். இதன்மேல் எழுந்த ‘மருகோதோ’ தொடக்கநிலையில் பேச்சுச் செயல்பாட்டுக்கு ஒரு நூலும் மொழியமைப்புக்கு ஒரு நூலுமாக இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரே தலைப்பை இரண்டும் இணையாகத் தொடுவதால், வாரத்தின் நான்கு பாடவேளைகளை இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொள்ள அது எளிதில் இடம் கொடுக்கிறது. 2020இல் வந்த ‘இரோதோரி’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒலிப்பதிவுகளும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் அது ஜப்பானில் குடியேறி வேலை செய்வோருக்கானது என்பதை மறந்து அப்படியே பள்ளிக்குள் கொண்டுவந்தால், பணியிடத்துப் பேச்சைப் பிள்ளைகள் தலையில் கட்டியதாகும். பொருந்தும் அலகுகளை மட்டும் எடுத்துக்கொள்வதே நலம். பள்ளிப் பருவத்துக்கு நெருக்கமானது அதே நிறுவனத்தின் ‘எரின்’ காணொளித் தொடர். ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிக்கு வரும் வெளிநாட்டு மாணவியைச் சுற்றி அது நகர்கிறது. வகுப்பறை, நண்பர் வீடு, கடை என்று அந்த வயதுக்குரிய இடங்களிலேயே பேச்சு நடப்பதால், எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் உடனே பிடித்துப்போகும், ஏனென்றால் கையில் சான்றிதழ் கிடைக்கிறது. ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வு 1984இல் தொடங்கி, 2010இலிருந்து என்5 முதல் என்1 வரையிலான ஐந்து நிலைகளில் நடக்கிறது. அடிநிலையான என்5இல் 180க்கு 80 மதிப்பெண் தேர்ச்சி. அத்துடன் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120க்கு 38, கேட்டலில் 60க்கு 19 என்ற பகுதிவாரிக் குறைந்தபட்சமும் உண்டு. பழைய நான்கு நிலை முறையில் கடைநிலைக்கு 150 மணி நேரப் படிப்பும் அதற்கு மேல்நிலைக்கு 300 மணி நேரமும் வழிகாட்டும் அளவாகச் சொல்லப்பட்டன. அந்தக் கணக்கில் நம் 280 மணி நேரத்துக்கு என்5 வசதியான இலக்கு, என்4 எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு. ஆனால் இந்தத் தேர்வில் பேச்சு இல்லை, எழுதுதல் இல்லை. எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். தேர்வில் இல்லாதது வகுப்பிலிருந்தும் மெல்ல நழுவிவிடும் என்பது ஆசிரியர் எல்லோருக்கும் தெரிந்ததே. அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதும் ஏ.பி. ஜப்பானிய மொழித் தேர்வு இந்த வகையில் மேலானது. அதில் பேசியும் பதிவு செய்ய வேண்டும், கணினியில் தட்டச்சு செய்தும் எழுத வேண்டும்.

மூன்று வழிகளும் எங்கே பிரிகின்றன என்பதை ‘தே’ வடிவம் என்ற ஒரே இலக்கணக் கூற்றில் தெளிவாகப் பார்க்கலாம். இது நம் வினையெச்சத்துக்கு மிக நெருக்கமானது. செய்து பார், செய்து வை என்று நாம் துணைவினை சேர்ப்பதைப் போலவே அங்கும் சேர்க்கிறார்கள். ஆகவே தமிழ் மாணவருக்கு இதன் பொருள் கடினமில்லை, உருவாக்கம்தான் கடினம்: ‘கக்கு’ (எழுது) என்பது ‘கைதே’ ஆகும், ‘நொமு’ (குடி) என்பது ‘நொந்தே’ ஆகும், ‘மத்சு’ (காத்திரு) என்பது ‘மத்தே’ ஆகும், ‘இக்கு’ (போ) மட்டும் விதியை மீறி ‘இத்தே’ ஆகும். இலக்கண ஏணியில் இது ‘கெங்கி’யின் 6ஆம் பாடத்திலும் ‘மின்னா’வின் 14ஆம் பாடத்திலும் முழு வாய்பாடாக வந்து இறங்கும், அந்த வாரம் வகுப்பு திணறும், ஆனால் அதைக் கடந்தவர் புதிய வினைச்சொல் எதுவாயினும் தாமே மாற்றிக்கொள்வார். செயல்வழிப் பாதையில் ‘சொத்தோ மத்தே குதசாய்’ (சற்றுக் காத்திருங்கள்), ‘மிதே குதசாய்’ (பாருங்கள்) என்று முதல் வாரத்திலேயே வகுப்பறைப் பேச்சாக நுழைந்துவிடும். ஓராண்டு காதில் விழுந்த பிறகு வாய்பாடு வரும்போது அது பழக்கத்தின் விளக்கமாகவே தோன்றும். தேர்வுப் பாதையில் மாணவர் நான்கு வடிவங்களில் சரியானதை அடையாளம் காண்பார். வாயைத் திறந்து சொல்லச் சொன்னால் நின்றுவிடுவார். என் தராசு இரண்டாவது பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான். ஆனால் அந்த வாய்பாடு என்றைக்காவது வந்தே தீர வேண்டும். அதை ஒத்திப்போட்டே மூன்றாண்டையும் ஓட்டும் செயல்வழித் திட்டம், மனப்பாடத் தொடர்களைத் தவிர வேறொன்றையும் பிள்ளைகளிடம் விட்டுச்செல்லாது.

எழுத்து விஷயத்தில் நூல்களைப் பின்பற்றாமல் பள்ளியே முடிவெடுக்க வேண்டும். ‘மருகோதோ’ தொடக்கநிலையில் ரோமாஜியையும், அதாவது லத்தீன் எழுத்தில் எழுதிய ஜப்பானியத்தையும், துணைக்கு வைக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் வரும் பெரியவர்களுக்கு அது தகும். பள்ளிப் பிள்ளைக்கு ஒலியெழுத்து வரிசையான ஹிரகானாவின் 46 அடிப்படை எழுத்துகளை ஐந்து வாரத்தில் பழக்கிவிட முடியும், அதன்பின் இன்னொரு ஒலியெழுத்து வரிசையான கதகானா 46. முதல் பருவம் முடிந்ததும் ரோமாஜியை முற்றாக நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாமதித்தால் கண் லத்தீன் எழுத்தையே தேடும், உச்சரிப்பும் ஆங்கில வழியில் போகும்.

சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகளான கன்ஜிக்கு வேறு கணக்கு. பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. ஜப்பானியக் குழந்தைகளே தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026தான் கற்கிறார்கள், முதலாண்டில் வெறும் 80. நம் மூன்றாண்டில் 250 எழுத்துகளைக் கண்டதும் அறிவதும், அவற்றில் 100ஐக் கையால் எழுதுவதும் போதும். மீதியைத் தட்டச்சில் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் சரி. கையெழுத்தை அடியோடு விட்டுவிடச் சொல்வோரோடு நான் உடன்படவில்லை. ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளைப் பிரித்தறியும் கண், எழுதிப் பழகிய கையிலிருந்தே வருகிறது.

பேச்சின் மரியாதை நிலையும் கவனிக்க வேண்டியது. இலக்கண ஏணி ‘மஸ்’ என்று முடியும் மரியாதை வடிவத்தில் தொடங்கி, நண்பர்களுக்கிடையிலான எளிய வடிவத்தை ‘மின்னா’வில் 20ஆம் பாடம்வரை தள்ளிவைக்கிறது. மாணவர் ஆர்வத்தோடு கேட்டுவரும் அனிமே முழுக்க எளிய வடிவமே ஒலிக்கிறது. ஆசிரியரிடம் அதைப் பேசுவது தவறு, தோழரிடம் பேசுவது இயல்பு என்ற பிரிவினையை முதலாண்டிலேயே சொல்லிவிடலாம்.

ஆகவே, நிலையான ஆசிரியர் உள்ள பள்ளிக்கு என் தேர்வு: முதல் இரண்டு ஆண்டுகள் செயல்வழித் திட்டமே முதுகெலும்பு, நான்கில் ஒரு பாடவேளை கண்டிப்பாக மொழியமைப்புக்கு, இலக்கண நூல் ஆசிரியர் மேசையில் துணைநூலாக. மூன்றாமாண்டில் விரும்புவோர் மட்டும் என்5 அல்லது என்4 எழுதட்டும். பள்ளி மதிப்பெண்ணை அதனோடு கட்டக் கூடாது. ஆசிரியர் ஆண்டுதோறும் மாறும் பள்ளி என்றால் தயங்காமல் இலக்கண ஏணியைப் பிடித்துக்கொள்ளலாம்.

செயல்வழிப் பாதையை எடுப்பவர் மதிப்பீட்டுக்கான நேரத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். நாற்பது பேருக்குத் தலா மூன்று நிமிடம் பேச்சுத் தேர்வு என்றால் 120 நிமிடம், அதாவது ஏறத்தாழ மூன்று பாடவேளை. இருவர் இருவராக உரையாட வைத்து, ஒரு ஜோடிக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் அது பாதியாகும். பருவத்துக்கு ஒருமுறை அதைத் தாங்க முடியும். அந்த ஒன்றரைப் பாடவேளையை அட்டவணையில் எழுதி வைக்காத திட்டத்தில், பருவக் கடைசியில் பேச்சுத் தேர்வு கைவிடப்பட்டு எழுத்துத் தேர்வு மட்டுமே நடக்கும்.