கிரெடிட் கார்டு: செலவுக்கு நல்லது, கடனுக்கு ஆகாது

கிரெடிட் கார்டு வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். "செலவழித்தால் சும்மா வருகிற ரிவார்டு பாயின்ட்டை ஏன் விட வேண்டும்?" என்பார் ஒருவர். "அது புதைகுழி, கிட்டவே போகாதே" என்பார் இன்னொருவர். இருவரும் பட்டறிந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவரும் பேசுவது வெவ்வேறு பொருளைப் பற்றி. அந்த ஒரே அட்டைக்குள் பணம் செலுத்தும் வசதி ஒன்று இருக்கிறது, கடன் ஒன்று இருக்கிறது. முதலாவதை டெபிட் கார்டோடும் ரொக்கத்தோடும் ஒப்பிட வேண்டும். இரண்டாவதை மற்றக் கடன்களோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் போட்டால் எந்தப் பதிலும் சரியாக வராது.

இரண்டும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை அல்ல. 1950-இல் அமெரிக்காவில் தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டையில், பில் வந்ததும் முழுப் பணத்தையும் கட்டியாக வேண்டும். 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. அதில்தான் கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு அடுத்த மாதத்துக்குத் தள்ளும் வசதி இருந்தது. அந்த அட்டைதான் 1976-இல் விசா என்று பெயர் மாறியது. இன்று நம் பர்ஸில் இருப்பதும் அந்த வகைதான்.

டெபிட் கார்டுக்கு எதிரே

செலுத்தும் வசதியாக மட்டும் பார்த்தால் கிரெடிட் கார்டுதான் மேல் என்பது என் தீர்மானமான கருத்து. காரணம் பாயின்ட் அல்ல, பாதுகாப்பு.

டெபிட் கார்டு விவரம் திருட்டுப்போனால், அந்த நிமிடமே உங்கள் கணக்கிலிருந்து உங்கள் பணம் போய்விடுகிறது. புகார் கொடுத்து, வங்கி விசாரித்து, பணம் திரும்ப வரவாகும்வரை வாடகைக்கும் தவணைக்கும் மிச்சமிருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். கிரெடிட் கார்டில் அதே திருட்டு நடந்தால் பில்லில் ஒரு வரி கூடுகிறது, அவ்வளவுதான். "இது நான் செய்த செலவு இல்லை" என்று பதிவு செய்துவிட்டு விசாரணை முடியக் காத்திருக்கலாம். சம்பளக் கணக்கில் கை படுவதில்லை.

சில நாடுகளில் சட்டமே இந்த வேறுபாட்டைச் செய்கிறது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டு மோசடியில் வாடிக்கையாளரின் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். தொலைந்த டெபிட் கார்டில், விவரம் தெரிந்த 2 வேலை நாட்களுக்குள் சொன்னால்தான் அந்த 50. தாமதித்தால் 500 வரை போகலாம். ஸ்டேட்மென்ட் வந்து 60 நாட்கள் கடந்தும் சொல்லாமல் இருந்தால், அதற்குப் பிறகு நடக்கும் திருட்டுக்கு உச்சவரம்பே இல்லை. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவரோடு சேர்த்து வங்கியையும் பொறுப்பாக்குகிறது. முன்பணம் வாங்கிய கடை மூடிவிட்டாலும் வங்கியிடம் கேட்கலாம். டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தகராறு நடக்கும்போது யாருடைய பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்ற வேறுபாடு எல்லா நாட்டுக்கும் பொது.

ஹோட்டல் அறை, வாடகைக் கார் போன்றவற்றுக்கு முன்வைப்பாக ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணம் சில நாள் முடங்கும். கிரெடிட் கார்டு என்றால் லிமிட்டில், அதாவது கார்டில் செலவழிக்க வங்கி அனுமதித்த உச்சத் தொகையில்தான் குறையும். பயணம் செய்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

வட்டியில்லா நாட்களைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "50 நாள் வட்டி இல்லை" என்றால் ஒவ்வொரு செலவுக்கும் 50 நாள் என்று பொருள் அல்ல. ஸ்டேட்மென்ட், அதாவது மாத பில், 5-ஆம் தேதி வருகிறது, கட்ட வேண்டிய கடைசி நாள் 25 என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 6-இல் வாங்கியது பிப்ரவரி 5 ஸ்டேட்மென்ட்டில்தான் ஏறும். பிப்ரவரி 25 வரை, அதாவது 50 நாள் அவகாசம். அதையே ஜனவரி 4-இல் வாங்கியிருந்தால் ஜனவரி 25-க்குள் கட்ட வேண்டும், 21 நாள்தான். பெரிய செலவு வரப்போகிறது என்று தெரிந்தால் ஸ்டேட்மென்ட் தேதி கழியும்வரை பொறுத்திருந்து வாங்குவது நல்லது.

ரொக்கத்துக்கு எதிரே

செலுத்தும் வசதியாகப் பார்த்தாலும் கிரெடிட் கார்டு தெளிவாகத் தோற்கும் இடம் ஒன்று உண்டு: செலவுக் கட்டுப்பாடு. 2001-இல் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். டிக்கெட் கிடைக்காத ஒரு கூடைப்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். ஒரு குழு ரொக்கமாகத் தர வேண்டும், இன்னொரு குழு கார்டில் கட்டலாம். டிக்கெட் ஒன்றே. கார்டுக் குழு கேட்ட விலை மட்டும் ரொக்கக் குழுவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கையிருப்பு குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. கார்டைத் தேய்க்கும்போது அது தெரிவதில்லை. பொருள் இன்றைக்கு, வலி அடுத்த மாதம்; அதுவும் பல செலவுகள் ஒன்றாகக் கூடிய ஒரே தொகையாக. எந்தச் செலவு எவ்வளவு உறுத்த வேண்டுமோ அந்த உறுத்தல் அதில் கரைந்துபோகிறது.

அதனால்தான் ரிவார்டு பாயின்ட்டை லாபக் கணக்கில் எழுதத் தயங்குகிறேன். செலவில் 1 சதவீதம் திரும்ப வருகிறது என்றால், கார்டு கையில் இருப்பதால் நீங்கள் 1 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகச் செலவழிக்காமல் இருந்தால்தான் அது லாபம். பாயின்ட்டுக்கான பணமும் வானத்திலிருந்து விழுவதில்லை. கடைக்காரர் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்டும் கட்டணத்திலிருந்துதான் பெரும்பகுதி வருகிறது. அதை அவர் விலையில் ஏற்றினால் ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் சேர்ந்து சுமக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் இந்தக் கட்டணத்தில் அட்டை வழங்கும் வங்கிக்குப் போகும் பங்கை டெபிட்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட்டுக்கு 0.3 சதவீதம் என்று கட்டுப்படுத்தியது.

மற்றக் கடன்களுக்கு எதிரே

இந்தப் பக்கம் வந்தால் கதை தலைகீழ்.

மாதம் 3 சதவீத வட்டி என்று வையுங்கள். கேட்பதற்குச் சின்ன எண். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கும் மேல். ஒரு லட்சம் நிலுவை. புதிதாக எதுவும் வாங்கவில்லை. மாதாமாதம் தவறாமல் மினிமம் டியூவை, அதாவது வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையை, நிலுவையில் 5 சதவீதம் என்று கட்டுகிறீர்கள். ஓராண்டில் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 55,000. அதில் 32,000 வட்டிக்கே போயிருக்கும். நிலுவை இன்னும் 77,000. அசல் பாதியாகக் குறையவே இரண்டே முக்கால் ஆண்டு போல ஆகும். இத்தனைக்கும் உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. வங்கி கேட்டதை, கேட்ட நாளில் கட்டியிருக்கிறீர்கள். மினிமம் டியூ என்ற ஏற்பாட்டின் மீது எனக்குள்ள கோபமே இதுதான். ஒழுங்காகக் கட்டும் மனிதரையே அது கடனில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2009-இல் வந்த கார்டு சட்டம், மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை காலம் ஆகும், மொத்தம் எவ்வளவு கட்ட நேரும் என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எல்லா நாட்டு பில்லிலும் இருக்க வேண்டிய வரி அது.

இதனோடு ஒப்பிட்டால் பர்சனல் லோன் பல மடங்கு கௌரவமான கடன். வட்டி பொதுவாகக் குறைவு. அதைவிட முக்கியமாக, தவணைக்கு முடிவு தேதி உண்டு. கார்டுக் கடனுக்கு முடிவு தேதியை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். அடமானம் வைத்து வாங்கும் கடனில் வட்டி பெரும்பாலும் இன்னும் குறையும், ஆனால் பொருளை இழக்கும் அபாயம் இருக்கிறது.

இன்னும் இரண்டு பொறிகள். ஒன்று, பில்லில் கொஞ்சம் பாக்கி வைத்தாலும் பல வங்கிகளில் வட்டியில்லா அவகாசம் போய்விடும். அடுத்து வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். இரண்டு, ஏ.டி.எம்.-இல் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது. அதற்கு அவகாசம் என்பதே பொதுவாகக் கிடையாது. எடுத்த நாள் முதல் வட்டி, மேலே தனிக் கட்டணம். "வட்டியில்லா இ.எம்.ஐ." என்று சொன்னால், மொத்தமாகப் பணம் கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அந்தத் தள்ளுபடிதான் வட்டி.

கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறீர்களா என்று காட்டும் மதிப்பெண், பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கடன் வரலாறு உருவாக கார்டு உதவும், டெபிட் கார்டு பொதுவாக உதவாது. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப்போகிறவருக்கு அது பயன். அதற்காக பாக்கி வைத்து வட்டி கட்ட வேண்டும் என்று சிலர் சொல்வது தவறு. முழுப் பில்லையும் நேரத்துக்குக் கட்டினாலே வரலாறு பதிவாகும். லிமிட்டை முட்டும்வரை தேய்ப்பதுதான் ஸ்கோரைக் கெடுக்கும்.

ஆகவே, மாத வருமானம் நிலையாக வந்து, பில்லை முழுதாகக் கட்டும் பழக்கம் உள்ளவர் இணையத்தில் வாங்குவதற்கும் பயணத்துக்கும் கிரெடிட் கார்டையே பயன்படுத்தலாம். வருமானம் ஏறி இறங்குபவருக்கு அன்றாடச் செலவுக்கு டெபிட் கார்டும், கை நிற்காத செலவுகளுக்கு ரொக்கமும் பொருத்தம். ஏற்கெனவே கார்டில் பாக்கி ஓடிக்கொண்டிருப்பவர் பாயின்ட், சலுகை எதையும் பார்க்க வேண்டாம். குறைந்த வட்டிக் கடன் கிடைத்தால் அதை வாங்கி இதை அடைத்துவிட்டு, தீரும்வரை கார்டை எடுக்காமல் இருக்க வேண்டும். அடைத்த கையோடு மறுபடி தேய்த்தால் கடன் இரண்டாகிவிடும்.

வங்கிக் கணக்கிலிருந்து பில் தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டிருப்பவர்கள் இன்றே ஒன்றைச் சரிபாருங்கள். அதில் முழுத் தொகை, மினிமம் டியூ என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். இரண்டாவது தேர்வாகியிருந்தால், கையில் பணம் இருந்தும் மாதாமாதம் வட்டி போய்க்கொண்டிருக்கும்.