முட்டைக்கோஸுக்கு ‘வேம்’ வாங்கி ஏமாந்தேன்

பெங்களூரைச் சுற்றிக் காய்கறி போடும் நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டு வேர்ப் பூஞ்சை வாங்கப் போங்கள். கடையில் ‘வேம்’ (VAM) என்று விற்பது இதைத்தான். பயிரின் வேரோடு கூட்டுச் சேர்ந்து, மண்ணிலிருக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக் கொடுக்கும் பூஞ்சை இது. நான் அல்சூரில் குடியிருக்கிறேன். ஆனேக்கல் பக்கம் ஒன்றரை ஏக்கர் குத்தகை. போன ஆடியில் ஒரு ஏக்கர் முட்டைக்கோஸும் அரை ஏக்கர் தக்காளியும் நட்டோம்.

நகரத்தில் ஒரு உரக்கடை. கடைக்காரர் தருமபுரிக்காரராம், நானும் அந்தப் பக்கம்தான். “அக்கா, வேம் போட்டுட்டா டி.ஏ.பி.யைப் பாதியாக் குறைச்சிடலாம், எந்தப் பயிரா இருந்தாலும் சரி” என்றார். ஊர்ப்பேச்சில் மனசு இளகி, கிலோ 650 ரூபாய் என்று 8 பாக்கெட் வாங்கினேன். பில் கேட்டதற்கு, “அடுத்த வாரம் வாங்கிக்குங்க அக்கா” என்றார்.

சொன்னபடியே, மணிச்சத்து தரும் டி.ஏ.பி. உரத்தைக் குறைத்தேன். ஒரு கோஸ் அரைக்கிலோகூடத் தேறவில்லை. மணிச்சத்து இல்லாமல் இலை ஊதா பாய்ந்து நின்றது. நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், “ஏம்மா, உரத்தைக் குறைக்காதேன்னு அப்பவே சொன்னேனே” என்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கும் விளைச்சலில் பங்கு உண்டு.

மீதிப் பாக்கெட்டையும் தக்காளி வேரையும் எடுத்துக்கொண்டு ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வேர்ப் பூஞ்சை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பேராசிரியர் டி. ஜே. பாக்யராஜ் பணியாற்றிய இடம் அது. நுண்ணுயிரியல் துறையில் ஒரு மாணவி வேருக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் காட்டினார். தக்காளி வேரில் பூஞ்சையின் சுவடே இல்லை. கோஸ் வேரைக் கொண்டுவரவா என்றேன். “அதுல எப்பவுமே இருக்காது மேடம்” என்றார்.

எனக்குத் தெரியாமல் போன விஷயம் இதுதான். கடுகுக் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு கூட்டுச் சேராது. கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு எல்லாம் அந்தக் குடும்பம். பீட்ரூட்டும் பாலக்கும் வேறு குடும்பம், ஆனால் அவையும் சேராது. இதற்கெல்லாம் எவ்வளவு நல்ல வேம் போட்டாலும் காசு மண்ணுக்குத்தான். தக்காளி, மிளகாய், கத்தரி, பீன்ஸ், மக்காச்சோளம், ராகி, வாழை ஏற்கும். வெங்காயத்துக்கு வேர்த்தூவி குறைவு என்பதால் அதற்கு ரொம்பவே உதவும். அதனால் “என்ன பயிர்?” என்று கேட்காமல் பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அப்புறம் லேபிளைப் பாருங்கள். என் பாக்கெட்டில் ‘ஒரு கிராமில் 10 கோடி’ என்று போட்டிருந்தது. பாக்டீரியா மிகமிகச் சிறியது, அந்த உரத்துக்கு அப்படிப் போடலாம். ஆனால் இந்தப் பூஞ்சையின் வித்து (ஸ்போர்) ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் இருக்கும். 10 கோடி வித்தைச் சேர்த்து வைத்தால் அதுவே 50 மில்லி இடத்தைப் பிடிக்கும். ஒரு கிராம் தூளுக்குள் எப்படி அடங்கும்? இதை வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. வாங்கும்போது இரண்டு நிமிடம் போட்டிருந்தால் போதும். பூஞ்சையின் பெயரும் அதில் இல்லை.

இந்தப் பூஞ்சை உயிருள்ள வேர் இல்லாமல் பெருகாது. மக்காச்சோளம், சோளம் வளர்த்து, அந்த வேரையும் மண்ணையும் உலர்த்திப் பொடித்துத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். அதைத் தண்ணீரில் போட்டால் மணலும் வேர்த்துண்டும் அடியில் தங்கும். ஆய்வகத்தில் கேரட் வேரில் வளர்த்ததும் உண்டு, அது தண்ணீரில் கலக்கும் தூளாகவும் வரும். என்னுடையது டிகாஷன் மாதிரி கறுப்பாக முழுசாகக் கரைந்தது. மக்கிய பொருளிலிருந்து எடுக்கும் ஹியூமிக் பொடி அப்படித்தான் கரையும் என்றார் அந்த மாணவி.

நல்ல சரக்கு கிடைத்தாலும் இலையில் தெளிக்காதீர்கள். நாற்றங்காலிலோ நடவுக் குழியிலோ வேர் தொடும்படி போட வேண்டும். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் இருந்தால் பூஞ்சை வேரில் சரியாக ஏறாது, அதனால் முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். என்னைப் போல் வாய்ச்சொல்லை நம்பி டி.ஏ.பி.யைக் குறைக்க வேண்டாம்.

உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இதற்கும் தரம் வகுத்திருக்கிறார்கள், புகார் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் என்னிடம் பில் இல்லை. பிரிக்காத ஒரு பாக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ‘10 கோடி’ என்று அச்சிட்ட கறுப்புத் தூளைப் பில்லோடு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், கர்நாடக வேளாண் துறையின் உழவர் உதவி மையமான ரைத சம்பர்க்க கேந்திரத்துக்குச் சேர்ந்தே போகலாம்.